மெதுவாக ஓடுகிறவர்களுக்கு முரகாமி

ஓட்டத்தைப் பற்றி ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி எழுதிய நினைவுக் குறிப்பை ஃபிலிப் கேப்ரியலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். சின்னப் புத்தகம்தான். தான் நடத்திய ஜாஸ் இசை மதுவிடுதியை விற்றுவிட்டு முழுநேர எழுத்துக்கு வந்தவர், உட்கார்ந்தே இருந்ததில் உடம்பு போட்டுவிட, 1982-ல் 33 வயதில் ஓடத் தொடங்குகிறார். ஞானோதயமெல்லாம் கிடையாது. ஒரு நாளைக்கு 60 சிகரெட் பிடித்த மனுஷன்!

1996-ல் ஜப்பானின் சரோமா ஏரிக்கரையில் 100 கிலோமீட்டர் ஓடும் அத்தியாயம்தான் உச்சம். பாதிக்கு மேல் கால்கள் ஒத்துழைக்கவில்லை. தான் ஓர் இயந்திரம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு 11 மணி 42 நிமிடத்தில் முடிக்கிறார். அதற்கப்புறம் ஓட்டத்தின் மேலேயே ஆர்வம் விட்டுப்போனதையும் மறைக்கவில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு இடம். பதினாறு வயதில் கண்ணாடி முன் நின்று தன் உடம்பின் குறைகளை எண்ணி, 27-க்கு மேல் சலித்துப்போய் விட்டுவிட்டாராம். துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு காந்தி ஸ்டேடியத்தில் எல்லோருக்கும் கடைசியாக ஓடுகிற எனக்கும் அப்படியொரு கணக்கு இருந்தது. “இந்த வயசுல எதுக்கும்மா ஓட்டம்?” என்று எதிர்வீட்டு அக்கா கேட்டால் இப்போது சிரிக்க வருகிறது.

ஓட்டத்தின் நடுவே நடப்பது அவருக்கு ஆகாது. இதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வந்து பார்க்கட்டும். நான் இரண்டாவதிலேயே நடைக்கு மாறிவிடுவேன், கூச்சமே இல்லாமல்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியைப் பற்றிய பக்கங்கள் கொஞ்சம் இழுவை. வேகம் கூட்ட வழி தேடுகிறவர்கள் வாங்க வேண்டாம்.