பால் கணக்கு நோட்டில் ஏறிய ஏசி கணக்கு

எங்கள் வீட்டில் ஏசி ரிப்பேர் செலவை என் மனைவி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். தேதி, வந்தவர் என்ன செய்தார், எவ்வளவு வாங்கினார், அவ்வளவுதான். 2025 அக்டோபரில் புது ஏசி வாங்கலாமா என்று பேச்சு வந்தபோது அதைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தோம். 2019 ஏப்ரலில் 38,000 ரூபாய்க்கு வாங்கிய படுக்கையறை ஏசிக்கு அதுவரை ஆன ரிப்பேர் செலவு 35,100 ரூபாய். கரண்ட் பில் தனி.

வீடு சென்னைத் திருவான்மியூரில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். ஏசி இரண்டு. அம்மாவின் அறையில் 2014இல் வாங்கிய பழைய வகை, உள்ளே சுற்றிக் குளிரவைப்பது ஆர்-22 கேஸ். எங்கள் படுக்கையறையில் இருப்பது இன்வெர்ட்டர், அதாவது கம்ப்ரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை, ஆர்-32 கேஸ். இரண்டுமே ஒன்றரை டன் ஸ்பிளிட். 35,100 ரூபாயில் 6,600 ரூபாய் வாட்டர் சர்வீஸுக்கு, அதாவது தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்வதற்குப் போனது. வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு தடவைக்குச் சராசரியாக 550. அதைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை, செய்தே ஆக வேண்டும். என் வயிற்றெரிச்சல் கேஸ் கணக்கில்தான்.

2022 ஏப்ரலில் கூலிங் குறைந்தது. இன்டோர் யூனிட்டைத் திறந்தால் காயிலின், அதாவது கேஸ் ஓடும் செப்புக் குழாய்ச் சுருளின், ஒரு பக்கம் மட்டும் ஐஸ் கட்டியிருந்தது. வந்தவர் அவுட்டோரில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்து, "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்றார். 2,800 ரூபாய். ஒரு கோடை நன்றாக ஓடியது. 2023 மார்ச்சில் மறுபடி அதே ஐஸ், வேறு ஆள், அதே வசனம், 3,000. அந்த செப்டம்பரிலேயே மறுபடியும், 3,200. மூன்று பேரில் ஒருவர்கூட எங்கே லீக் என்று தேடவில்லை. நானும் கேட்கவில்லை. பைக்குக்கு பெட்ரோல் போடுவது போல இதுவும் என்று நினைத்துவிட்டேன்.

நான்காவதாக வந்தவர் பெரியவர், முப்பது வருடமாக இதே தொழில். நோட்டைக் காட்டியதும் சிரித்தார். "அடுப்பு கேஸ் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருளா சார் இது? வாங்கினப்போ இருந்த கேஸ், குழாயில ஓட்டை இல்லைன்னா பதினஞ்சு வருஷமானாலும் அதேதான் சுத்திக்கிட்டு இருக்கும்." அந்த ஒரு வாக்கியத்தை 2022லேயே யாராவது சொல்லியிருந்தால் 9,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

அவர் இன்டோர் யூனிட்டைக் கழற்றி, கேஸுக்குப் பதிலாக நைட்ரஜனை 300 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரை தடவினார். முதலில் பார்த்தது ஃபிளேர் நட்டுகளை, அதாவது செப்புக் குழாயின் வாயை விரித்து யூனிட்டோடு முடுக்கும் இடங்களை. லீக் பெரும்பாலும் அங்கேதான் இருக்குமாம். அங்கே இருந்திருந்தால் குழாய் முனையை வெட்டி மறுபடி விரித்து முடுக்கி, கேஸ் போட்டு முடித்திருக்கலாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இன்டோர் காயிலின் ஓரத்து வளைவில் ஊசிமுனை அளவு குமிழ் வந்தது. செம்பு அங்கே கன்னங்கரேல் என்று கறுத்துப் போயிருந்தது.

கடல் காற்று என்று நான் சொல்ல, அவர் தலையாட்டவில்லை. உப்புக்காற்று முதலில் தின்பது அவுட்டோரைத்தான், அதன் அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்து உதிரும். அறைக்குள் இருக்கும் செம்பு கறுத்திருந்தால் சாக்கடைக் காற்றைச் சந்தேகப்படு என்றார். எங்களுக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய். கழிவுநீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்கவைத்து அரிக்கும். வெள்ளிக் கொலுசு கறுக்கிறதே, அதே வேலைதான். பின்னால் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வினிகர், சில தரை துடைக்கும் திரவங்கள், பிளைவுட் பசை இவற்றிலிருந்து வரும் அமில ஆவியும் செம்புக் குழாயின் சுவருக்குள் எறும்புப் புற்று போலக் கிளை கிளையாகத் துளைத்துக்கொண்டு போகுமாம். வெளியே பார்த்தால் தெரியாது.

நைட்ரஜன் டெஸ்ட் 800, ஓட்டையை வெல்டிங் வைக்க 700, கேஸ் 2,800, ஆக 4,300. அது 2024 பிப்ரவரி. "ஒரு இடம் அரிச்சா பக்கத்து இடமும் அரிச்சிருக்கும், காயிலையே மாத்துங்க" என்று பெரியவர் அன்றைக்கே சொன்னார். நான்தான் கேட்கவில்லை. எட்டே மாதம். அக்டோபரில் பக்கத்து வளைவு போனது. காயில் 8,400, கேஸ் 2,700, கூலி 1,500, மொத்தம் 12,600. மூன்று கேஸ், ஒரு ஒட்டு என்று நான் வீணாக்கியது 13,300. காயில் மாற்றியதைவிட அது 700 ரூபாய் அதிகம்.

கேஸ் போடுவதிலும் பார்க்க வேண்டிய விஷயம் உண்டு. அவுட்டோர் ஸ்டிக்கரில் எவ்வளவு கேஸ் என்று அச்சிட்டிருக்கும், எங்களுடையதில் 0.85 கிலோ. பெரியவர் சிலிண்டரைத் தராசில் வைத்து எடை பார்த்துத்தான் விட்டார். இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் ஏறி இறங்குவதால் கேஜ் முள்ளும் கூடவே ஆடும், அதை மட்டும் நம்பினால் கூடவோ குறையவோ போய்விடும். கேஸ் விடுவதற்கு முன் அரை மணி நேரம், குழாய்க்குள் இருப்பதை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்பும் ஓடியது. குழாய்க்குள் காற்றும் ஈரமும் தங்கினால் கம்ப்ரசருக்கே ஆபத்து. முன்பு வந்த மூவரும் தராசும் கொண்டுவரவில்லை, பம்பும் கொண்டுவரவில்லை. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தபோது என்ன சுறுசுறுப்பு என்று காபி வேறு கொடுத்தேன்.

மீதி 2,600 ரூபாய் போர்டுக்கு, அதாவது ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் பலகைக்கு. 2025 ஜூனில் ஒரு இரவு கரண்ட் போய் வந்தபின் அவுட்டோர் உயிரே பெறவில்லை. திறந்தால் போர்டு மேல் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. கம்பெனி சர்வீஸில் வந்து பார்த்ததற்கே 500 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 590. நல்லவேளை, ரிப்பேரை அவர்களிடமே செய்தால் கழித்துக்கொள்வோம் என்றார்கள், அங்கே செய்யாவிட்டாலும் பிறகு பேசி அந்த 590ஐத் திரும்ப வாங்கிக்கொண்டேன். புது போர்டு 11,400, ஜிஎஸ்டி தனி. போர்டைக் கழற்றி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் கொண்டுபோனதில் 2,600க்குச் சரிசெய்து மூன்று மாத வாரன்டியும் கொடுத்தார்கள். இன்றுவரை ஓடுகிறது. ஆனால் சில மாடல்களில் போர்டு முழுக்கப் பசை ஊற்றி மூடியிருப்பார்கள், அதில் இந்த வழி கஷ்டம். வயர் நுழையும் ஓட்டைகளை இப்போது எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன்.

பழைய ஏசியின் பக்கம் சின்னது. 2017இல் கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றது. கம்ப்ரசரே போச்சு, 9,500 ஆகும் என்றார் ஒருவர். இன்னொருவர் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் சின்ன சாமானான கெப்பாசிட்டரை மாற்றி 450 வாங்கிக்கொண்டு போனார். 2019இல் ஃபேன் மோட்டார் 2,400. 2021இல் மறுபடி கெப்பாசிட்டர், 500. இன்வெர்ட்டரோடு ஒப்பிட்டால் இதில் கெட்டுப்போகும் சாமான் குறைவு, விலையும் மலிவு. கரண்ட் மட்டும் குடிக்கும்.

வாரன்டி பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பெட்டியில் பெரிதாகப் பத்து வருடம் என்று போட்டிருந்தது கம்ப்ரசருக்கு மட்டும். காயில், போர்டு எல்லாம் முதல் வருடத்தோடு சரி. எங்கள் மாடி வீட்டுக்காரருக்குக் கம்ப்ரசர் இலவசமாகவே வந்தது, ஆனால் கேஸ், கூலி, வண்டி வாடகை என்று கிட்டத்தட்ட 6,000 ரூபாய் கேட்டார்கள். ஏஎம்சி எனப்படும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமும் 2020இல் ஒரு தடவை போட்டேன், 2,200 ரூபாய், கூலி மட்டும். ஒரு வருடத்தில் இரண்டு வாட்டர் சர்வீஸ் செய்ததைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. தனியாகச் செய்தால் அது 1,100தான். (அந்த 2,200 நோட்டில் ஏறவில்லை, நான் சொல்லாமல் கட்டியது. இப்போது மனைவிக்கும் தெரியும்.)

2025 செப்டம்பரில் பழைய ஏசியின் கம்ப்ரசர் நிஜமாகவே போனது. மாற்ற 13,500. இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஆர்-22 வகை கேஸில் புது ஏசி தயாரிப்பது கிடையாது. சர்வீஸுக்குக் கேஸ் இன்னும் கிடைக்கிறது என்றாலும் படிப்படியாக அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். பதினோரு வயது ஏசிக்கு அவ்வளவு கொட்ட மனம் வரவில்லை. செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியதும் சேர்ந்துகொள்ள, அக்டோபரில் புதிதாக வாங்கிவிட்டோம்.

மாட்ட வந்த பையன் குழாயை முடுக்கிவிட்டு, அவுட்டோரில் இருக்கும் கேஸையே கொஞ்சம் விட்டுக் காற்றை வெளியேற்றப் பார்த்தான். "தம்பி, வேக்கம் பம்ப் இல்லையா?" என்றேன். கீழே வண்டியில் இருக்கிறது, மூன்று மாடி ஏற வேண்டும் என்றான். அவன் ஏறி வருவதற்குள் என் மனைவி கிண்ணத்தில் சோப்பு நுரை அடித்து வைத்திருந்தார். நான்கு நட்டிலும் தடவிப் பார்த்தோம், குமிழ் வரவில்லை. நோட்டில் புதுப் பக்கம்: மாட்டுக்கூலி 1,500, கூடுதல் செப்புக் குழாய் ஐந்து அடி, வேக்கம் போட்டது.