சேர்ந்தன, சேர்க்கப்பட்டன: டர்பனில் ஒரு பாடநூல் வாசிப்பு வகுப்பு

சாட்ஸ்வொர்த்தில் நாலு சனிக்கிழமை, தலா இரண்டு மணி நேரம் நடக்கிறது இந்த வகுப்பு. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் தனியான நாடுகளின் பள்ளி வரலாற்றுப் பாடங்களை அருகருகே வைத்துப் படிக்கிறார்கள். நகல் தாள்களோடு கட்டணம் 300 ராண்ட். வரலாறு சொல்லிக்கொடுப்பவர்கள் தாராளமாகச் சேரலாம்.

முதல் வகுப்புதான் இதன் உயிர். எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியாவுக்கு 1940-இல் நடந்ததைப் பலகையில் மூன்று விதமாக எழுதுகிறார்கள். ‘சோவியத்தில் சேர்ந்தன’ என்றால் விரும்பிப் போனதாக ஆகிறது. ‘சேர்க்கப்பட்டன’ என்றால் செய்தவர் மறைந்துவிடுகிறார். ‘சோவியத் படை ஆக்கிரமித்தது’ என்றால் செய்தவரே எழுவாய். முதலாவது சோவியத் காலப் பாடநூலின் குரல்; மூன்றாவது இன்றைய பால்டிக் நாடுகளின் குரல். செய்வினை, செயப்பாட்டுவினை படித்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். பிறகு அதே பயிற்சி நம் வீட்டுக்கு வருகிறது: 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் 342 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனுக்கு ‘வந்தார்களா’, ‘கொண்டுவரப்பட்டார்களா’? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

அடுத்தது, பாடம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்ப்பது. போரை ஜெர்மனி சோவியத்தைத் தாக்கிய 1941 ஜூன் 22-இல் தொடங்கினால், 1939 ஆகஸ்ட் 23-இல் சோவியத் ஹிட்லரோடு செய்த ஒப்பந்தம் பாடத்துக்கு வெளியே விழுந்துவிடும். கிழக்கு ஐரோப்பாவை இருவரும் பங்குபோட்டுக்கொண்ட அதன் இரகசிய இணைப்பை மாஸ்கோ ஒப்புக்கொண்டதே 1989 டிசம்பரில்தான். 1941-இல் தொடங்கும் ‘பெரும் தாய்நாட்டுப் போர்’ என்ற சோவியத் பெயரை விட்டு ‘இரண்டாம் உலகப் போர்’ என்று உக்ரைன் 2015-இல் சட்டப்படி மாற்றியதும் இந்தக் கணக்கில்தான் புரியும்.

குறை இரண்டு. நகல் தாள்களில் பதிப்பாண்டு இல்லை. ஸ்டாலின் ஆட்சியில் தன் மண்ணில் நேர்ந்த 1932–33 பஞ்சத்தை இனப்படுகொலை என்று உக்ரைன் 2006-இல் சட்டமாக்கியது. கையிலிருக்கும் பக்கம் அதற்கு முந்தியதா பிந்தியதா என்று தெரியாவிட்டால் ஒப்பிடுவதில் பயனில்லை. எல்லாமே ஆங்கில மொழிபெயர்ப்பு வேறு. முதல் வகுப்பில் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த வினைச்சொல் அங்கேதான் முதலில் மழுங்குகிறது. மூல வரியும் சொல்லுக்குச் சொல் பொருளும் தந்தால் போதும்.

மத்திய ஆசியாவுக்கு அரை மணி நேரம்தான். உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டில் மார்க்ஸ் சிலை இருந்த இடத்தில் 1993-இல் பழைய பேரரசர் தைமூரின் சிலை ஏறியதைச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். அதே ஆண்டு உஸ்பெக் மொழி ரஷ்ய (சிரிலிக்) எழுத்திலிருந்து லத்தீன் எழுத்துக்கு மாற முடிவானது. தாத்தாவின் பாடநூல் பேரனுக்கு அந்நியமாகும் வழி அது. அதற்கே ஒரு முழு வகுப்பு வேண்டும்.

சேர்பவர்கள் இரண்டு நிறப் பென்சில் கொண்டுபோங்கள்: எழுவாய்க்கு ஒன்று, வினைக்கு ஒன்று.