6×17 மர கேமரா: மூன்று ஆண்டுகளும் ஒரு சிவப்புச் சன்னலும்

6×17 செ.மீ. அளவில் அகலப் படம் எடுக்க நானே செய்த பனோரமா கேமராவின் முதுகில், பிலிம் எண்ணைப் பார்ப்பதற்கென்று உள்ள சிவப்புச் சன்னலை மூன்றாவது முறையாகப் பழுதுபார்த்து முடித்த அன்று மாலையே, தானும் இப்படி ஒன்று செய்யலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேறொரு வாரத்தில் கேட்டிருந்தால் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

ப்ளைவுட் பெட்டி, பழைய 90 மி.மீ. சூப்பர் ஆங்குலான் லென்ஸ், 120 எனப்படும் சுருள் பிலிம், ஒரு சுருளுக்கு நான்கு படங்கள். இவற்றில் எதன்மீதும் எனக்குக் குறையில்லை. மரவேலையில் நான் செய்த பிழைகளைக்கூட எஃப்/22 என்னும் சிறிய லென்ஸ் திறப்பு பெருந்தன்மையுடன் மறைத்துவிடுகிறது. என் பொறுமையைச் சோதிப்பது விரல்நுனி அளவேயான அந்தத் துளைதான்.

120 பிலிமின் முதுகோடு சேர்ந்து சுருண்டு வரும் பின்காகிதத்தில் 6×17 அளவுக்கென்று எண்கள் இல்லாததால், சதுரப் படங்களுக்கான 6×6 வரிசையின் எண்களைச் சன்னல் வழியே பார்த்து, படத்துக்கு மூன்று எண்கள் வீதம் சுருளை நகர்த்த வேண்டும். சிவப்புக் கண்ணாடி காவல் காக்கும் என்பது, சிவப்பொளி பதியாத ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் காலத்து நம்பிக்கை. இன்றைய பான்குரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பும் வெளிச்சமே. ஆகவே உண்மையான காவல் பின்காகிதம் மட்டுமே. அக்காகிதமோ 168 மி.மீ. நீளத்துக்குப் பிடிமானமின்றிக் கிடப்பதால் சற்றே உப்புகிறது. அந்த இடைவெளியில் நுழையும் வெயில் காகிதத்தின் விளிம்பைச் சுற்றிவந்து நெகட்டிவின் ஓரத்தைக் கருக்குகிறது. முதலில் தகர மூடி வைத்தேன். பையில் உரசித் திறந்துகொண்டது. பிறகு துளையைச் சுற்றி வெல்வெட் ஒட்டினேன்; கோடை வெப்பத்தில் பசை இளகியது. இப்போது துளையின் விளிம்போடு காகிதம் அழுந்தும்படி உள்ளே ஒரு வளையம் பொருத்தி, எண் பார்க்கும்போது கறுப்புத் துணியையும் போர்த்திக்கொள்கிறேன். இதைக் கண்டு வழிப்போக்கர்கள் நின்று வேடிக்கை பார்ப்பது தனித் தொல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பக்கத்துச் சாலைப் பாலத்திலிருந்து, பேருந்துகள் கடந்து அதிர்வு அடங்கும்வரை காத்திருந்து எடுத்தேன். லென்ஸ் சுழலும் பனோரமா கேமராக்களில் இத்தகைய நேர்கோடு வில்லாக வளைந்துவிடும். பிலிம் தட்டையாக நிற்கும் இப்பெட்டியில் அது நூல் பிடித்ததுபோல் நேராக விழுந்தது. ஈரம் காயாத அந்த நெகட்டிவை விளக்கின்முன் தூக்கிப் பார்த்த நிமிடத்துக்கு ஈடான மகிழ்ச்சியை நான் விலை கொடுத்து வாங்கிய எந்தக் கேமராவும் தந்ததில்லை. அதே சுருளின் மற்ற மூன்று படங்களும் கசிவில் போயின என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே, செய்ய வேண்டாம் என்றே நண்பருக்கு எழுதினேன். அப்படியானால் இதையே விலைக்குத் தர முடியுமா என்று மறுநாள் கேட்டிருக்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.