இரண்டு ஜான்கள்: டிங்கலா, கான்யர்ஸா?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு தேர்தல். அப்படியிருந்தும் மிச்சிகனின் இரண்டு ஜான்கள், இருவரும் ஜனநாயகக் கட்சி, அரை நூற்றாண்டைத் தாண்டி அங்கே இருந்தார்கள். ஜான் டிங்கல் 1955 முதல் 2015 வரை. ஜான் கான்யர்ஸ் 1965 முதல் 2017 வரை. இதில் கான்யர்ஸ் முதலில் டிங்கலின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்! தேர்தல் களத்தில் இருவரில் யார் கெட்டி?

டிங்கலுக்கு அது அப்பாவின் தொகுதி. அப்பா இறந்ததும் நடந்த இடைத்தேர்தலில் 29 வயதில் ஜெயித்தார். கான்யர்ஸோ 1964இல் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் நூற்றுச்சொச்சம் வாக்கில் கரையேறியவர்.

சரி, வாரிசுதானே என்று டிங்கலை ஒதுக்கிவிட முடியாது. தொகுதி மறுவரையறை இரண்டு முறை அவரைச் உட்கட்சித் தேர்தலில் சொந்தக் கட்சியின் சக சபை உறுப்பினரோடு மோதவிட்டது. 1964இல் எதிரே நின்ற ஜான் லெசின்ஸ்கி, இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர், டிங்கல் ஆதரித்தவர். அந்த நாளில் அது லேசான காரியமில்லை. 2002இல் லின் ரிவர்ஸ். இரண்டிலும் டிங்கலே வென்றார். களத்தை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இவருக்குத்தான்.

கான்யர்ஸுக்குத் தொகுதிக்குள் அசைக்க முடியாத பிடி. வெளியே? டெட்ராய்ட் மேயர் பதவிக்கு 1989, 1993 இரண்டு முறையும் நின்று தோற்றார். 2014இல் வேட்புமனுவுக்காக வாக்காளர்களிடம் திரட்டிய கையெழுத்துகளில் சிக்கல். நீதிமன்றம்தான் அவர் பெயரை வாக்குச்சீட்டில் திரும்பச் சேர்த்தது. இத்தனை வருட அனுபவஸ்தருக்கு இது தேவையா?

டிங்கல் ஓய்வுபெற்றதும் மனைவி டெபி அந்த இடத்துக்கு வந்தார். கான்யர்ஸ், பாலியல் துன்புறுத்தல் புகார்களை மறுத்தபடியே, 2017 டிசம்பரில் ராஜினாமா செய்தார்.