ஜிம்னியில் ஜீட்டாவா ஆல்ஃபாவா, தாரில் எந்த டிரிம்? ஒரு குமரி மாவட்டக் கணக்கு

குலசேகரம், அருமனை பக்கம் நாலு சக்கரத்துக்கும் விசை போகிற 4×4 வண்டி எடுக்க நினைக்கிறவர்கள் மாருதி ஜிம்னியா மஹிந்திரா தாரா என்று மாதக்கணக்கில் அலசுகிறார்கள். அதில் எந்த டிரிம், அதாவது வசதிகளை வைத்துப் பிரித்த எந்தப் படி என்ற கேள்வியோ ஷோரூமில் கொடுத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. காசு இருந்தால் டாப் மாடல், இல்லையென்றால் அதற்கு ஒரு படி கீழே. பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டம் வைத்திருக்கிற என் மச்சானும் போன் போட்டு, “டாப்பையே எடுத்திரலாமா அத்தான்?” என்றுதான் கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

விலைப்பட்டியலில் இருப்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குப் போவது எது, உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் காதுக்கும் போவது எது? ஜிம்னியில் சக்கரத்துப் பக்கம் இரண்டு டிரிமுக்கும் வித்தியாசமே இல்லை. தாரில் டிரிம் மாறினால் வண்டியே வேறாகிவிடுகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஜிம்னி: 95 ஆயிரத்துக்கு என்ன கிடைக்கிறது?

ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தது. ஜீட்டா, ஆல்ஃபா என்று இரண்டே டிரிம். மேனுவல் கியரில் ஜீட்டாவின் அறிமுக விலை 12.74 லட்சம், ஆல்ஃபா 13.69 லட்சம். இரண்டிலும் அதே 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). லேடர் சேஸிஸ் என்கிற ஏணி வடிவ அடிச்சட்டம், முன்னும் பின்னும் வளையாத ரிஜிட் ஆக்ஸில், 210 மி.மீ. தரை இடைவெளி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற ‘ஃபோர் எல்’ என்ற லோ ரேஞ்ச் கியர் எல்லாம் அப்படியே ஒன்று. ஒரு சக்கரம் சும்மா சுற்றினால் அதை மட்டும் பிரேக் பிடித்து, எதிர்ச் சக்கரத்துக்கு விசையை அனுப்பும் வசதியும் இரண்டிலும் உண்டு. ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்பி, இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல், ரிவர்ஸ் கேமரா எதிலும் ஜீட்டாவுக்குக் குறை வைக்கவில்லை. நம் ஊரில் கீழ் டிரிம் என்றாலே பாதுகாப்பில் கை வைத்துவிடுகிற கம்பெனிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியம்தான்.

இந்த ‘ஃபோர் எல்’ நம் மாவட்டத்தில் எதற்கு என்று கேட்கிறவர்கள், ஜூன் மாதம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் நனைந்த ஒரு ரப்பர் தோட்டச் சரிவில் இறங்கிப் பார்க்க வேண்டும். செம்மண்ணின் மேல் ஈர இலை, அதன் கீழே வழுக்குகிற சரளைக் கல். அங்கே பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. ‘ஃபோர் எல்’லில் போட்டு முதல் கியரில் விட்டால், பிரேக்கைத் தொடாமலே இன்ஜின் இழுத்துப் பிடித்து நடை வேகத்தில் இறக்கிவிடும். ஏறும்போதும் அதே கதைதான். சின்ன இன்ஜின்தானே என்ற கவலை அங்கே காணாமல் போகும். கீரிப்பாறையிலிருந்து மாறாமலை கிராம்புத் தோட்டங்களுக்கு ஏறுகிற ஜீப் டிரைவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு இது தினசரி வேலை.

சரி, ஆல்ஃபாவில் கூடுதலாக என்ன வருகிறது? 7 இன்ச் ஸ்கிரீன் 9 இன்ச் ஆகிறது. அலாய் வீல், எல்இடி ஹெட்லைட், அதற்குத் தண்ணீர் பீய்ச்சும் வாஷர், ஃபாக் லாம்ப், ஆட்டோ ஏசி, க்ரூஸ் கன்ட்ரோல், சாவி போடாமல் பட்டனில் ஸ்டார்ட்.

இதில் நான் காசு கொடுக்கத் தயாராக இருப்பது ஹெட்லைட்டுக்கு மட்டும். பேச்சிப்பாறை தாண்டி மேலே தெருவிளக்கு கிடையாது. ராத்திரி வளைவில் யானை நிற்கிறதா, மரம் விழுந்து கிடக்கிறதா என்று தெரிய வெளிச்சம் பரவலாக விழ வேண்டும். ஜீட்டாவின் ஹாலோஜன் மோசமில்லை, ஆனால் போதாது. வெளியில் எல்இடி பல்பு வாங்கி ஹாலோஜன் கூட்டுக்குள் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்குகிற வேலை அது, செய்யாதீர்கள். நல்ல ஃபாக் லாம்ப் ஜோடியை ரிலேயோடு மாட்டினால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

வாஷரைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சேற்று ரோட்டில் முன்னால் போகிற டெம்போ அள்ளித் தெளிக்கும்போது அதன் அருமை புரியும். ஆனாலும் ஒரு துணி இருந்தால் போதும்.

க்ரூஸ் கன்ட்ரோலை மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே பயன்படுத்த ஒருவரால் முடிந்தால் அவருக்குப் பரிசே கொடுக்கலாம். ஆரல்வாய்மொழி தாண்டி நான்கு வழிச்சாலையில் திருநெல்வேலி, மதுரை என்று அடிக்கடி போகிறவருக்கு அது உதவும். அப்போதும் முப்பந்தல் காற்றாலைகள் நிற்கிற அந்தக் கணவாயில் உயரமான, எடை குறைந்த ஜிம்னியைப் பக்கக் காற்று தள்ளும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். டிரிம் மாறினால் காற்று குறையப் போவதில்லை.

அலாய் வீல் விஷயத்தில் என் கட்சி ஜீட்டாதான். இரும்பு ரிம் கல்லில் அடிபட்டு நெளிந்தால் எந்த டயர் கடையிலும் தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றுவதுதான் வழி. கடலோரத்தில், குளச்சல், முட்டம் பக்கம் வீடு இருந்தால் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். உப்புக்காற்றில் இரும்பு ரிம் துருப்பிடிக்கும். ஆனால் அங்கே ரிம்மைவிட அடியில் இருக்கிற லேடர் சேஸிஸைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். கடற்கரை மணலில் இறக்கி அலையில் நனைத்துப் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள், எந்த டிரிம் வாங்கினாலும் நாலைந்து வருஷத்தில் அடிப்பகுதியைப் பார்த்து அழுவார்கள்.

ஆட்டோமேட்டிக் பற்றி ஒரே வரி: இரண்டு டிரிமிலும் கிடைக்கிறது, பழைய பாணி நாலு கியர், அறிமுக விலையில் 1.20 லட்சம் கூடுதல், எனக்கு வேண்டாம்.

வரி செய்கிற வேலை

டிரிம் வித்தியாசத்தை ஷோரூம் விலையில் மட்டும் பார்க்கக்கூடாது. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் காருக்கான ஆயுள் வரி, 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். ஆக, அறிமுக விலையில் ஜீட்டாவுக்கும் ஆல்ஃபாவுக்கும் நடுவில் இருந்த 95 ஆயிரம், ஆர்டிஓ வாசலைத் தாண்டும்போது சுமார் 1.12 லட்சம் ஆகிறது. இன்சூரன்ஸ் தனி.

தார் கதை இன்னும் சுவாரசியம். 2025 அக்டோபரில் வந்த புதுப்பித்த தாரில் டிரிம் பெயர்கள் ஏஎக்ஸ்டி, எல்எக்ஸ்டி. அடிமட்ட ஏஎக்ஸ்டி டீசலின் அறிமுக விலை 9.99 லட்சம். பத்து லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் குறைவு, ஆனால் அந்த ஆயிரத்தால் அது 13 சதவீதக் கட்டத்தில் உட்கார்ந்துகொள்கிறது. வரி ஏறக்குறைய 1.30 லட்சம். அதே இன்ஜின் உள்ள எல்எக்ஸ்டி 12.19 லட்சம், வரி 2.19 லட்சம். பட்டியலில் 2.20 லட்சமாகத் தெரிகிற இடைவெளி கைக்கு வரும்போது மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. பின்சக்கர ஓட்டம் மட்டுமே உள்ள டீசல் தாரில் இருப்பது 1.5 லிட்டர் இன்ஜின். நீளம் 4 மீட்டருக்குள், டீசல் 1500 சிசிக்குள் என்பதால் 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஜிம்னியும் 4 மீட்டருக்குள்தான். ஆனால் பெட்ரோல் வண்டிக்கு வரம்பு 1200 சிசி என்பதால் 40 சதவீதக் கட்டத்தில் விழுகிறது. 2.2 லிட்டர் டீசல் உள்ள 4×4 தாருக்கும் அதே 40. தோற்றத்தில் பெரிய அந்தப் பின்சக்கர டீசல் தார், சின்ன ஜிம்னியைவிட மலிவாகக் கிடைப்பதன் ரகசியத்தில் பெரிய பங்கு இதற்குத்தான்.

தார்: பெயர் ஒன்று, வண்டி இரண்டு

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வெளியே பார்த்தால் எல்லாத் தாரும் மலையைப் பெயர்க்கிற தோரணையில் நிற்கிறது. 226 மி.மீ. தரை இடைவெளி எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் 9.99 லட்சத்துத் தாரில் முன்சக்கரத்துக்கு விசை போகாது, லோ ரேஞ்சும் கிடையாது. நனைந்த செம்மண் ஏற்றத்தில், பாரம் இல்லாத அதன் பின்பக்கம் சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த வண்டியை மட்டம் தட்டவில்லை. குண்டும் குழியுமான நம் ஊர் ரோடுகளுக்கு உயரமான, உறுதியான, நல்ல டீசல் வண்டி அது. அதை 4×4 என்று நினைத்து வாங்குவதுதான் வினை.

இப்போதைய தாரில் 4×4 வேண்டுமென்றால் எல்எக்ஸ்டி ஒன்றுதான் வழி. அறிமுக விலையில் 2.2 டீசல் மேனுவல் 15.49 லட்சம், 2.0 பெட்ரோல் மேனுவல் 14.69 லட்சம். டீசலில் 130 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர். ஜிம்னியின் டார்க்கைப்போல இரு மடங்குக்கும் மேல். மேட்டில் நின்று கிளம்பும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும். 10.25 இன்ச் ஸ்கிரீன் முதலானவை கூடவே வந்துவிடுகின்றன, வேண்டாம் என்றாலும் தள்ள முடியாது.

எனக்குப் பிடிக்காத ஒன்று டயர். மலிவான ஏஎக்ஸ்டியில் 16 இன்ச் இரும்பு ரிம், 245/75 டயர், அதாவது அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் அதில் 75 சதவீதம். பக்கச்சுவரின் உயரம் கணக்குப்படி 184 மி.மீ. வரும். எல்எக்ஸ்டியில் 18 இன்ச் அலாய், 255/65 டயர். பக்கச்சுவர் 166 மி.மீ. கல் காட்டில் காற்றைக் குறைத்து ஓட்டும்போது அடியை வாங்குவது அந்தப் பக்கச்சுவர்தான். அது யாருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது? 4×4 இல்லாதவருக்கு. மலை ஏறுகிறவருக்கு ஷோரூம் அழகு. அதனால் 4×4 எடுத்துவிட்டு 16 இன்ச் ரிம் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் விவரமானவர்கள்.

தண்ணீரில் 650 மி.மீ. ஆழம் வரை இறங்கலாம் என்று தாருக்குச் சொல்கிறார்கள். அது ஓடாத தண்ணீருக்கான கணக்கு. வெள்ளத்தில் குழித்துறை சப்பாத்தை (ஆற்றைக் கடக்கிற தாழ்வான பாலம்) மூடி வைத்திருக்கும்போது இந்த எண்ணை நம்பி யாரும் இறங்க வேண்டாம். அங்கே ஆழம் அல்ல, நீரோட்டம்தான் ஆளைக் கொண்டுபோகும்.

அகலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தார் 1820 மி.மீ., ஜிம்னி 1645. நடுவே 175 மி.மீ., ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கல்குளம், விளவங்கோடு ஊர்களில் இரண்டு பக்கமும் கய்யாலை (தோட்டச் சுவர்) வைத்த இடைவழியில், எதிரே பைக் வந்தால் அந்த ஒரு சாண்தான் கண்ணாடியைக் காப்பாற்றும். தோட்டத்துக்குள் மரவரிசைக்கு நடுவே திருப்புவதற்கும் அதே. வயதான அம்மாவைப் பின்சீட்டில் ஏற்ற வேண்டியிருந்தால் மூன்று கதவுத் தார் அங்கேயே தோற்றுவிடும். ஐந்து கதவுள்ள தார் ராக்ஸ் இருக்கிறது; ஆனால் அதில் 4×4 டீசலில் மட்டும், அதுவும் எம்எக்ஸ்5 டிரிமிலிருந்துதான். நம் இடைவழிக்கு அது இன்னும் பெரிசு. ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்காவில் டிரிம் குழப்பமே இல்லை, இடது வலது சக்கரங்களைச் சேர்த்துச் சுற்றவைக்கிற டிஃபரன்ஷியல் லாக் முன்னும் பின்னும் உண்டு. தினமும் சந்தைக்கு ஓட்டத்தான் கனமான வண்டி.

காட்டுக்குள் ஓட்டலாம் என்ற கனவில் டாப் டிரிம் பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல்: மாவட்டத்தின் காட்டில் பெரும்பகுதி 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். நினைத்த இடத்தில் வண்டியை விட முடியாது. ஆக, இங்கே 4×4 என்பது சொந்தத் தோட்டமோ தெரிந்தவர் தோட்டமோ உள்ளவருக்கான கருவி. ரோட்டில் மட்டும் ஓடுகிறவர் அதற்குக் காசு கொடுத்து, காய்ந்த நல்ல ரோட்டில் நாலு சக்கர ஓட்டமான ‘ஃபோர் ஹெச்’ போட்டு விசை கடத்தும் பாகங்களை நோகடிப்பதைவிட ஏஎக்ஸ்டி எடுத்து நிம்மதியாக இருக்கலாம்.

மச்சானுக்கு நான் சொன்னது ஜீட்டா மேனுவல். ரப்பர் பால் கேனும் உரமூட்டையும் ஏற்றுவதாக இருந்தால் அதுவும் வேண்டாம். 208 லிட்டர் டிக்கியில் என்ன வைப்பது, ஒரு பழைய கமாண்டர் ஜீப்பே மேல். ஆளும் சாமான் கொஞ்சமும் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நாகர்கோவிலும் போக வேண்டும் என்றால் ஜீட்டா. மிச்சமாகிற ஒரு லட்சம் சொச்சத்தில் முதலில் டயர். கம்பெனி கொடுக்கிற 195/80 ஆர்15 ரோட்டுக்கான டயர். சேறு அதன் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். ரோட்டுக்கும் சேற்றுக்கும் பொதுவான 215/75 ஆர்15 ஆல் டெரெய்ன் போட்டால் விட்டம் பத்து மி.மீ. அளவுக்குத்தான் கூடும், ஸ்பீடோமீட்டரும் பெரிதாக மாறாது. மைலேஜ் கொஞ்சம் குறையும், ரோட்டில் சத்தம் கூடும். அப்புறம் அடியில் துருத் தடுப்புப் பூச்சு, ஒரு ஜோடி ஃபாக் லாம்ப், நல்ல இழுவைக் கயிறு. டயர் அளவு மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஸ்டெப்னியையும் அதே அளவில் போடச் சொல்லியிருக்கிறேன், அதற்குத்தான் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறான்.