பதிமூன்று ஆண்டு பழகிய டீசல் வேன்: ஏற்றத்தில் மட்டும் அணைந்த எஞ்சின்

என்னுடைய வேன் 2006 மாடல். 2012இல் இரண்டாவது உரிமையாளராக வாங்கினேன். அப்போது 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பொள்ளாச்சிக்கு வெளியே நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். தென்னங்கன்று, பாக்குக் கன்று, மிளகுக் கொடி எல்லாம் இதில்தான் போகும். சமவெளியில் லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்குக் குறையாது, மலையில் 9 கிடைக்கும். இத்தனை ஆண்டுகளில் கிளட்ச் இரண்டு முறை, ரேடியேட்டர் ஒரு முறை, பின் ஸ்பிரிங் பட்டைகள் ஒரு முறை மாற்றினேன். இவை தவிரப் பெரிய செலவு வைக்காத வண்டி. அந்த நம்பிக்கையை ஒரே ஒரு கோளாறு ஏறக்குறைய ஓராண்டுக்கு ஆட்டம் காண வைத்தது. பழைய டீசல் வேன் வைத்திருக்கும் யாராவது என்னைப் போலவே எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பைப் பிரிக்கும் கட்டத்தில் நின்றுகொண்டிருக்கலாம். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2021 மழைக்காலத்தில் தொடங்கியது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம், மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாறு வளைவு வரை வண்டி நன்றாக ஏறும். ஏழாவது, எட்டாவது வளைவில் இழுவை குறையும். மூன்றாவது கியர் இரண்டாகும், இரண்டு முதல் கியராகும், அக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் எஞ்சின் திணறும். பிறகு இரண்டு குலுக்கல் குலுக்கிவிட்டு அணைந்துவிடும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருப்பதால் அங்கே ஒதுக்கி நிறுத்த இடம் உண்டு. வரையாடு பார்க்க வந்தவர்களுக்கு நடுவில் நான் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். அடுத்த கால் மணி நேரம் ஓடும். மறுபடியும் அதே கதை.

இறங்கி வரும்போது எந்தத் தொல்லையும் இல்லை. பொள்ளாச்சி ஊருக்குள் இல்லை. பட்டறையில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் இல்லை. மெக்கானிக் முன்னால் ஒழுங்காக ஓடும் வண்டியை என்னவென்று சொல்லிக் காட்டுவது?

முதலில் டீசல் ஃபில்டரை மாற்றினோம். பழைய ஃபில்டரில் கறுப்பாகச் சகதியும், அடியில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தன. கோளாறு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பன்னிரண்டு நாள் நன்றாக ஓடியது. அடுத்து ஏர் ஃபில்டர். அதன் பிறகு ஒரு பட்டறையில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் நான்கையும் கழற்றிச் சர்வீஸ் செய்தார்கள், 6,400 ரூபாய். காலையில் வரும் புகை குறைந்தது, அது உண்மை. ஏற்றத்தில் அணைவது மட்டும் குறையவில்லை. அதே பட்டறையில் கடைசியாகச் சொன்ன தீர்ப்பு: பம்ப் தேய்ந்துவிட்டது, பிரித்துச் சரிசெய்ய 28,000 ரூபாய் ஆகும். கன்று விற்பனை மந்தமாக இருந்த மாதம் அது. பணத்தைப் புரட்டவும் தொடங்கிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் ஆழியாறு சாலையில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். வண்டியைத் தொடாமல் அரை மணி நேரம் கேள்வி மட்டும் கேட்டார். "அணையும்போது சாவியைத் திருப்பி நிறுத்தியது போல் டக்கென்று நிற்கிறதா, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நிற்கிறதா தம்பி?" மூச்சு வாங்கித்தான் என்றேன். "அப்போது கரும்புகை வருகிறதா?" யோசித்துப் பார்த்தேன், இல்லை. "டேங்க் நிறைய இருக்கும்போதும் இதே வளைவில்தான் நிற்கிறதா?" இல்லை, டேங்க் நிரப்பிய அன்று இன்னும் மேலே இருக்கும் அட்டகட்டி வரைகூடப் போயிருக்கிறேன். "ஃபில்டர் மாற்றிய அன்று டேங்க் பக்கம் காற்றடித்தார்களா?" ஆமாம், கம்ப்ரெசர் வைத்து லைனில் அடித்தார்கள்.

"பம்பைத் தொட வேண்டாம், தம்பி" என்றார்.

அவர் அன்று விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். ஏர் ஃபில்டர் அடைத்தாலோ நாசில் ஒழுகினாலோ எஞ்சினுக்குள் டீசல் முழுதாக எரியாது, கரும்புகை வரும். புகையே இல்லாமல் இழுவை போகிறது என்றால் எஞ்சினுக்கு டீசல் போதவில்லை. அதுவும் சாதாரண ஓட்டத்தில் போதுகிறது, பாரத்தோடு ஏற்றத்தில் அதிகம் கேட்கும்போதுதான் போதவில்லை. டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. டேங்கிற்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் நுனியில் ஒரு சல்லடை இருக்கும். மிதக்கும் அழுக்கு அந்தச் சல்லடையில் ஒட்டிக்கொண்டால் வழி குறுகும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சுதல் நிற்கும், அழுக்கு மெல்ல விலகி விழும், பத்து நிமிடத்தில் வண்டி மறுபடியும் ஓடும். காற்றடித்த பிறகு பன்னிரண்டு நாள் நன்றாக ஓடியதற்கும் அதுதான் காரணம். குப்பை வெளியே போகவில்லை, தள்ளித்தான் போயிருந்தது.

இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டும் அவர் டேங்கை உடனே இறக்கவில்லை. ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டு போனார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான். முதலில் டேங்க் மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டச் சொன்னார். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே போல்தான் நிற்குமாம். மூடி தளர்ந்திருந்தும் நின்றது, ஆகவே அது இல்லை. அடுத்து, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் ஒளி புகும் டீசல் குழாய் மாட்டினார். அதில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஓடின. ஒரு கிளிப் தளர்ந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்ற கட்டாயமில்லை, காற்று உள்ளே போகும், அவ்வளவுதான். தரையில் ஈரமில்லை என்பதை வைத்து நான் இத்தனை நாளும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கிளிப்பை மாற்றியதும் குமிழ் நின்றது. வண்டி ஏழாவது வளைவுக்குப் பதில் பன்னிரண்டாவது வளைவில் நின்றது.

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறேன். ஒரு கோளாறைச் சரிசெய்தோம், கொஞ்சம் மாற்றம் தெரிந்தது, ஆனாலும் தீரவில்லை. உடனே மனம் பம்ப் பக்கம் ஓடும். பெரியவர் அசையவில்லை. பன்னிரண்டாவது வளைவில் நின்ற நிமிடமே ஃபில்டர் தலையில் உள்ள, கையால் அழுத்தி டீசல் இழுக்கும் ஹேண்ட் பம்பை அழுத்தினார். அழுத்திய பொத்தான் மேலே எழும்பவே இல்லை, உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றது. பத்து நிமிடம் கழித்து அழுத்தியபோது இயல்பாக எழும்பியது. ஃபில்டருக்கு முன்னால் வழி அடைபடுகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

கடைசிச் சோதனைதான் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. 10 லிட்டர் டீசல் கேனை வேனுக்குள் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினோம். டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபில்டருக்குக் குழாய் விட்டோம். பம்பிலிருந்து திரும்பி வரும் லைனையும் கேனுக்குள்ளேயே விட வேண்டும், மறந்துவிடாதீர்கள். விடாவிட்டால் கேன் காலியாகிக்கொண்டே போகும், டேங்க் நிறையும். டீசல் என்பதால்தான் இதைச் செய்யத் துணிந்தோம். பெட்ரோல் வண்டியில் யாரும் இப்படி வண்டிக்குள் கேன் வைத்து ஓட்டக் கூடாது. முழுப் பாரத்தோடு அட்டகட்டி தாண்டிப் போனோம். ஒரு திணறல் இல்லை. 28,000 ரூபாய்க்குப் பிரிக்கச் சொன்ன அதே பம்ப், அதே நாசில்கள்.

மறுநாள் டேங்கை இறக்கினோம். அடியில் துருச் செதில்கள். அவற்றின் மேல் கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு படலம். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்ச் சகதி அது. சல்லடை முழுக்க அது பூசியிருந்தது. 2020 ஊரடங்கில் வேன் ஐந்து மாதம் கொட்டகையில் நின்றது, டேங்கில் பாதி டீசலோடு. காலியான மேல்பாதியில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து அடியில் சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு டேங்கை நிரப்பி நிறுத்தியிருந்தால் இவ்வளவு சேர்ந்திருக்காது. டேங்கைக் கழுவி, காயவைத்து, சல்லடை மாற்றி, புது ஃபில்டர் போட 3,200 ரூபாய் ஆனது. அதன் பிறகு முதல் 500 கிலோமீட்டரில் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி மூன்று முறை தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். மூன்றாவது முறை சுத்தமான டீசல் மட்டும் வந்தது.

2023இல் மறுபடியும் ஒரு நாள் அணைந்தது, இந்த முறை சமவெளியில், கிணத்துக்கடவு அருகே ஒரு வேகத்தடையில். பயந்துவிட்டேன். ஆனால் பெரியவரின் முதல் கேள்வி நினைவுக்கு வந்தது. இது டக்கென்று நின்றது, மூச்சு வாங்கவில்லை. அப்படியென்றால் மின்சாரப் பக்கம். பம்பில் ஒரு ஸ்டாப் சொலினாய்டு இருக்கிறது. அதற்குச் சாவியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரைதான் டீசல் வழி திறந்திருக்கும். அதன் ஒயரில் ஒரு சின்ன பல்பை இணைத்து டேஷ்போர்டில் ஒட்டிவைத்து ஓட்டினேன். நான்காம் நாள் எஞ்சின் நின்ற கணத்தில் பல்பும் அணைந்தது. ஃபியூஸ் மாட்டும் பித்தளை நாக்கு தளர்ந்து கறுத்துப் போயிருந்தது. 350 ரூபாயில் முடிந்த வேலை.

மலையில் அணைவதன் ஆபத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் (வெற்றிட இழுப்பு) ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும், பெடல் கல் போல் ஆகும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டு, கை பிரேக் போட்டு, கியரிலும் விட வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். கோளாறு இருப்பது தெரிந்த பிறகும் நான் இரண்டு முறை என் மகனை ஏற்றிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இன்றும் வருந்துகிறேன்.

இப்போது வேன் நன்றாக இருக்கிறது. சேமித்த பணத்தில் முன் டயர் இரண்டும் மாற்றினேன். டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை, மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை ஃபில்டரில் தண்ணீர் பார்க்கிறேன். போன மாதம் 200 மிளகுக் கொடிகளோடு வால்பாறை போனபோது ஒன்பதாவது வளைவில் வழக்கம் போல நிறுத்தினேன். பானட்டைத் திறந்து அந்த ஒரு முழக் குழாயைப் பார்த்தேன். அதை இன்னும் கழற்றவில்லை. டீசல் தேன் நிறத்தில், ஒரு குமிழ்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.