மறுசுழற்சித் தார்க் கலவையைச் சோதிக்க ஓர் ஆய்வுக்கூடம்: காசுக்குத் தகுந்த வேலைதான்

சாலைக்கான தார்க் கலவையைச் சூடாகத் தயாரிக்கும் ஹாட் மிக்ஸ் பிளாண்ட் ஒன்றில் தரக் கட்டுப்பாடு என் வேலை. மில்லிங் இயந்திரம் சாலையிலிருந்து சுரண்டி எடுத்த பழைய தார்ஜல்லியை 30 சதவீதம் சேர்த்த கலவையைச் சோதிக்க, கோவைப் பக்கம் உள்ள ஒரு தனியார் ஆய்வுக்கூடத்திடம் கொடுத்தோம். அனுமதி வாங்காததால் பெயரைப் போடவில்லை.

முன்பு வேறொரு கூடத்தில் கலவை எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்க்கும் மார்ஷல் சோதனை மட்டும் செய்து, குறைந்தது இருக்க வேண்டிய 9 கிலோநியூட்டனைத் தாராளமாகத் தாண்டுகிறது என்று சீட்டுக் கொடுத்தார்கள். தாண்டாமல் என்ன செய்யும்? வருடக்கணக்கில் வெயிலில் கிடந்த தார் இறுகிப்போயிருக்கும். அதைக் கலந்தால் மார்ஷல் எண் ஏறத்தான் செய்யும். இப்படிப்பட்ட சாலையில் சக்கரத் தடப் பள்ளத்தைவிட வெடிப்புக்குத்தான் பயப்பட வேண்டும். மார்ஷல் சீட்டு அதைப் பற்றி வாயே திறக்காது.

இங்கே சாக்கைப் பிரித்ததுமே, குவியலுக்குக் கூரை உண்டா என்று கேட்டார்கள். ஈரம் பார்த்தார்கள். டிரைகுளோரோஎத்திலீன் ஊற்றிச் சுழற்றித் தாரைப் பிரித்த பிறகு மிஞ்சிய ஜல்லியைச் சல்லடையில் போட்டு என்னிடம் காட்டினார்கள். மில்லிங் பற்கள் கல்லை உடைத்திருந்தன. அடித்தட்டில் அத்தனை தூசி. அந்தத் தூசிக்குத் தக்கபடி எங்கள் புதிய ஜல்லியின் அளவை மாற்றச் சொன்னது பயனுள்ள யோசனை. கலவை செய்யும்போதும் கவனம் இருந்தது: புதிய ஜல்லியை நன்றாகச் சூடாக்கினார்கள்; பழையதை 110 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவில்லை. வைத்தால் தார் இன்னும் கிழடாகிவிடும்.

சக்கரத் தடம் பதிகிறதா என்று பார்க்கும் ஹாம்பர்க் சோதனையில் 50 டிகிரி வெந்நீருக்குள் 705 நியூட்டன் சுமையுடன் இரும்புச் சக்கரம் 20,000 முறை ஓடியும் கலவை அசையவில்லை. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் 25 டிகிரியில் வைத்துப் பிளந்து பார்த்த வெடிப்புச் சோதனையில் சாயம் வெளுத்தது. சுமையைக் காட்டும் வரைகோடு உச்சத்தைத் தொட்டவுடன் செங்குத்தாகச் சரிந்தது. முறுக்குப்போல நொறுங்குகிற கலவை. புதிய தாரை விஜி-30 ரகத்திலிருந்து அதைவிட இளகிய விஜி-10க்கு மாற்றி மீண்டும் செய்ததும் சரிவு மெதுவாயிற்று, வெடிப்பைத் தாங்கும் திறனைச் சொல்லும் குறியீடும் ஏறியது.

குறை இல்லாமல் இல்லை. நனைத்த மாதிரியின் வலிமை நனைக்காததில் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஈரச் சேத சோதனையின் விகிதம் 80 சதவீதத்துக்கு மேல் என்று எழுதியிருந்தார்களே தவிர, ஒவ்வொரு மாதிரிக்குள்ளும் காற்று எத்தனை சதவீதம் என்று சொல்லும் காற்றிடைவெளியைக் குறிக்கவில்லை. அது 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால்தான் அந்த விகிதத்துக்கு மதிப்பு. கேட்ட பிறகுதான் தாள் வந்தது. கட்டணமும் மார்ஷல் மட்டும் செய்வதைப்போலப் பல மடங்கு. அறிக்கைக்கும் சொன்ன தேதியைத் தாண்டிக் காத்திருக்க வேண்டும்.

போகிறவர்கள் குவியலின் மேல்பரப்பில் மட்டும் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். பல இடங்களில் உள்ளே தோண்டி எடுத்துக் கலந்து கொண்டுபோங்கள்; இல்லாவிட்டால் சாக்கோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.